யாருடைய கடவுச்சீட்டில் யாருடைய சுருட்டு?

ஆய்வு மாணவர் ஒருவருக்கு ஐரோப்பாவில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்துவிட்டால், பயணப்படிக்கு ஒப்புதல் கிடைக்கும் முன்பே துறையில் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. சாக்லேட்டும் நறுமணத் தைலமும் எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்படும். பிறகு கதவு சாத்திய அறையில், சற்றே தணிந்த குரலில், "மாட்ரிட் வழியாத்தானே வர்றீங்க தம்பி? நல்ல கியூபா சுருட்டு ஒரு பெட்டி கிடைக்குதான்னு பாருங்க" என்பார் நெறியாளர். "பாக்குறேன் சார்" என்பார் மாணவர். 'பார்க்கிறேன்' என்னும் சொல்லுக்குத் தமிழில் மறுப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. ஆய்வேட்டின் சான்றிதழ்ப் பக்கத்தில் ஒரு கையொப்பத்துக்காகக் காத்திருப்பவர் அதைச் சொல்லும்போது அப்பொருள் மறைந்துவிடுகிறது.

இந்த வழக்கம் தவறு. சுருட்டு புகைப்பது உடலுக்குக் கேடு என்பது தனி வழக்கு. இங்கே பேச்சு அதுவன்று. ஒருவருடைய ஆசையின் சட்டப் பொறுப்பு மற்றொருவருடைய கடவுச்சீட்டின்மேல் ஏற்றப்படுவதே இங்குக் கேள்வி.

முதலில் வாங்கும் இடத்தைப் பார்க்கலாம். கேட்பவர் 'அசல்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். அச்சொல்லின் சுமை முழுதும் வாங்குபவருடையது. ஹவானாவின் தெருக்களில் வெளிநாட்டவரைக் கண்டதும் ஒருவர் அணுகி, தம் உறவினர் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், தொழிலாளர்க்குக் கிடைக்கும் பங்கைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொல்வது அலுத்துப்போன கதை. அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் துண்டு இலையைச் சுருட்டி, உயர்ந்த பெயர் அச்சிட்ட தாள் வளையம் மாட்டிய சரக்கு. கண்ணாடி மூடியிட்ட கொஹீபா பெட்டி கண்ணில் பட்டால் மேற்கொண்டு ஆராயவே வேண்டாம். அப்படியொரு பெட்டியைக் கியூபா வெளியிடுவதில்லை.

அசலை நாக்கு அறியும் முன் தாள் அறிவிக்கிறது. கியூப அரசின் உத்தரவாத முத்திரைத் தாள் 1912 முதல் பெட்டிகளில் ஒட்டப்பட்டு வருகிறது. இன்றைய முத்திரையில் பட்டைக்குறி உண்டு. அதன் எண்ணை ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். பெட்டியின் அடியில் கியூபாவில் செய்தது, முழுதும் கையால் செய்தது என்னும் ஸ்பானியச் சொற்கள் சூட்டுமுத்திரையாகப் பதிந்திருக்கும். அருகில் தொழிற்சாலைக் குறியும் மாதமும் ஆண்டும் காணப்படும். இவற்றையும் போலியாகச் செய்யக் கற்றவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சுவடியியலார் சொல்வதுபோல, மூலம் எங்கிருந்து வந்தது என்பதே கடைசிச் சான்று. ஸ்பெயினில் அரசின் உரிமம் பெற்ற 'எஸ்தாங்கோ' கடைகளில் விலை நாடு முழுவதும் ஒன்றே. பேரம் இல்லை, ரசீது உண்டு. பேரம் பேச இடம் கொடுக்கும் கடையைவிட அதைத் தராத கடையே இவ்விஷயத்தில் நம்பத்தக்கது.

ஆனால் அங்கே விலை சுடும். 2022இல் கொஹீபா, டிரினிடாட் ஆகியவற்றின் விலை உலகெங்கும் ஒரே மட்டத்துக்கு உயர்த்தப்பட்டபின், ஸ்பெயினில் மலிவு என்ற பழைய கணக்கு உடைந்துவிட்டது. கொஹீபாவின் பெரிய அளவுச் சுருட்டுகள் 25 கொண்ட பெட்டிக்கு, 37,000 ரூபாய் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகையைப் பல மாதங்கள் சேர்த்து வைக்க வேண்டும். அத்தொகை மாதந்தோறும் தவறாமல் வருவதாக வைத்துக்கொண்டாலும்! "வந்ததும் தந்துவிடுகிறேன்" என்பவரிடம் ரசீதை நீட்டும் துணிவு எத்தனை மாணவர்க்கு உண்டு?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தின் 'செரூட்' நம் 'சுருட்டு' போன பயணத்தின் எச்சம். 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, குற்றம் நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைக் கண்டு அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கூறிவிடுகிறார். சொல்லையும் சரக்கையும் ஏற்றுமதி செய்த நாட்டின் அறிஞர், தம் மாணவரை அட்லாண்டிக் கடந்த இலைக்காக அலைய விடுகிறார்.

இனி விமான நிலையம். 2016ஆம் ஆண்டின் பயணியர் உடைமை விதிகள் 25 சுருட்டு, அல்லது 100 சிகரெட், அல்லது 125 கிராம் புகையிலை என்று வரம்பிட்டன. பலர் இதனைப் பாதிதான் படிக்கிறார்கள். அங்கே இருப்பது 'அல்லது'; 'மற்றும்' அன்று. ஆகவே ஒரு பெட்டிச் சுருட்டோடு ஒரு பண்டல் சிகரெட்டும் எடுத்து வருபவர் வரம்பைக் கடந்துவிட்டார். அதைவிட நுட்பமான கண்ணி, எண்ணிக்கைக்கு உட்பட்ட சுருட்டும் பொது மதிப்பு வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பது. அவ்விதிகளில் அது 50,000 ரூபாய். இத்தகைய தொகைகள் திருத்தப்படுபவை. புறப்படுமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்வது முறை. எப்படியாயினும் 25 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, லட்சத்தைத் தாண்டும் பெட்டியோடு பச்சை வழியில் நடப்பவர் தம்மை அறியாமலே தவறிழைக்கிறார். (அதே பட்டியலில் மின்சிகரெட்டைச் சேர்ப்பவர்களும் உண்டு. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி அதன் இறக்குமதிக்கே தடை. எண்ணிக்கைப் பேச்சுக்கு இடமில்லை.)

சிவப்பு வழியில் சென்று, ரசீதைக் காட்டி, தீர்வை செலுத்திவிட்டால் அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் தீர்வைப் பணம் யாருடையது? 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, உடைமையின் உள்ளடக்கத்தை அறிவிக்கும் கடமையை அதன் உரிமையாளர்மேல் சுமத்துகிறது. அந்த மேசையின் முன் உரிமையாளராக நிற்பவர் மாணவர்தாம். "என் நெறியாளருக்காக வாங்கினேன்" என்னும் தொடரில் நான்காம் வேற்றுமை ஒழுங்காக இருக்கிறது. ஆயினும் அது எழுவாயை மாற்றுவதில்லை. அறிவிக்காத பொருள் பறிமுதலானாலும், அபராதம் விதிக்கப்பட்டாலும், தாளில் எழுதப்படும் பெயர் அவருடையது. அடுத்த கருத்தரங்குக்கு விசா கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளை நினைத்துக் கவலைப்படப் போகிறவரும் அவரே.

மாணவர் மறுத்திருக்கலாமே என்பவர், மறுத்தவரின் ஆய்வேடு எத்தனை மாதம் மேசையில் படுத்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கேட்காமல் இருக்கும் கடமை கேட்பவருடையது. மாணவரைவிடப் பேராசிரியர்கள் அதிகமாகவே வெளிநாடு செல்கிறார்கள். அவர்கள் கடவுச்சீட்டுக்கும் அதே 25 உண்டு.