பக்குவம் வரவில்லையாம்!

உலகத்திலேயே மிகவும் மரியாதையான வசவு எது என்று என்னைக் கேட்டால், 'இன்னும் பக்குவம் வரவில்லை' என்பதுதான் என்று சொல்வேன். இந்த வசவைச் சொல்லுகிறவர் கை ஓங்குவதில்லை, குரலையும் உயர்த்துவதில்லை. முகத்தில் வாத்ஸல்யம் வழிய, தலையைச் சற்றே சாய்த்து, "நல்ல பையன்தான், இன்னும் கொஞ்ச காலம் போகட்டும்" என்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அது வசவு என்றே தெரிவதில்லை. 'நம்மீது எவ்வளவு அக்கறை!' என்று உருகிப் போகிறான். தலை நரைத்து, பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிகிறது.

கடல் கடந்து போய் வேதம் பரப்பிய பாதிரிமார்களைப் பற்றி நம்மவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அவர்கள் தியாக மூர்த்திகள்; பள்ளிக்கூடம் கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், காட்டு ஜுரத்தில் செத்தார்கள். இன்னொரு கட்சிக்கு அவர்கள் பீரங்கிக்கு முன்னால் வந்த பைபிள்காரர்கள். இரண்டு கட்சியும் எவ்வளவுதான் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. இரண்டுமே வெள்ளைக்காரரைப் பற்றி மட்டும்தான் பேசும்! அவர் வளர்த்த பிள்ளைகள், அவர் 'தலைவனாக்குகிறேன்' என்று கைபிடித்து அழைத்துச் சென்ற கறுப்பு மனிதர்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தக் கட்சியும் கேட்பதில்லை. எனக்குக் கதை எழுதுவது தொழில். ஆகையால் கூட்டத்தில் பின்னால் நிற்கிற மனிதனைத்தான் என் கண் தேடுகிறது.

அப்படி நின்ற ஒருவர் சாமுவேல் அஜாயி கிரௌதர்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவில், யொருபா நாட்டில் பிறந்தவர். 1821-ல், ஏறக்குறைய பன்னிரண்டு பதின்மூன்று வயதில், அடிமை பிடிக்கிறவர்கள் ஊரைக் கொளுத்தி அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கை மாறிக் கை மாறி, கடைசியில் போர்த்துகீசிய அடிமைக் கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டார். 1822-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று அதை மடக்கி, உள்ளே இருந்தவர்களை சியரா லியோனில் இறக்கி விட்டது. அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றார். 1825-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1827-ல் பூரா பே கல்லூரி ஆரம்பித்தபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவர். 1843-ல் லண்டனில் குருப்பட்டம். யொருபா மொழிக்குச் சொற்களஞ்சியமும் இலக்கணமும் எழுதினார். பைபிளை அந்த மொழியில் பெயர்த்த வேலையில் முன் நின்றார். இருபத்தைந்து வருஷங்களாகக் காணாத தாயை 1846-ல் அபெயோகுட்டாவில் கண்டார். 1848-ல் தாமே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். நாவலில் இப்படி எழுதினால் 'நம்ப முடியவில்லை' என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்!

1864-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி, கான்டர்பரி தேவாலயத்தில் அவருக்கு பிஷப் அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் அவர்தான். அடிமைக் கப்பலிலிருந்து அவரை மீட்ட கப்பல் தலைவரே, முதிய அட்மிரலாக அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

இதற்குப் பின்னால் இருந்தவர் சர்ச் மிஷனரி சங்கத்தின் காரியதரிசி ஹென்றி வென். 1841 முதல் சுமார் முப்பது வருஷம் அந்தப் பதவியில் இருந்த இவருடைய கொள்கை வினோதமானது. ஒரு நாட்டுச் சபை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும். அந்த நிலை வந்ததும் வெளிநாட்டு மிஷன் அங்கே நிம்மதியாகச் செத்துப்போக வேண்டும் என்பது அவர் கட்சி. தன் ஸ்தாபனத்தின் சாவுக்குத் தானே நாள் பார்த்த காரியதரிசி வேறு யாராவது உண்டோ? சாம்ராஜ்யக் கட்சி பேசுகிறவர்கள் இந்த மனிதருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் குழந்தைக்கு நடைவண்டி வாங்குகிறோம். கால் ஊன்றிவிட்டால் அது பரணுக்குப் போகிறது. பரணுக்குப் போவதுதான் அதற்குப் பெருமை. வென் கேட்டது இவ்வளவுதான். ஆனால் நடைவண்டிக்கு வாயும் மனமும் இருந்தால், 'குழந்தை விழுந்துவிடும், நான் இன்னும் சிறிது நாள் கூடவே இருக்கிறேன்' என்று அது சொல்லாதா?

சொல்லிற்று. கிரௌதருக்குப் பதவி பேசப்பட்ட காலத்திலேயே, அபெயோகுட்டாவில் வெகு நாள் உழைத்த டவுன்சென்ட் என்ற மிஷனரி எதிர்த்தார். கறுப்பு பிஷப்பைக் கறுப்பர்களே மதிக்க மாட்டார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். அந்தக் கறுப்பர்களைக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தாரா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. வெள்ளை மிஷனரிகள் இவர் கீழே வேலை செய்யச் சம்மதிக்கவில்லை. விளைவு? யொருபா மொழிக்கு எழுத்துருவம் தந்த மனிதருக்கு யொருபா மிஷன் இல்லை. நைஜர் நதிக்கரை கொடுக்கப்பட்டது. தமிழறிஞர் ஒருவருக்குத் தமிழ்நாட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் உன்னுடையது என்று பட்டம் கொடுத்தால் எப்படி இருக்கும்!

அந்த நைஜர் நதியையும் எண்ணிப் பாருங்கள். 1841-ல் அங்கே போன படகுகளில் வெள்ளையர் பலர் ஜுரத்தில் மடிந்தார்கள். கிரௌதரும் அந்தப் பயணத்தில் இருந்தார். வெள்ளைக்காரர் தங்க முடியாத இடம் என்று பெயர் வாங்கிய அந்தக் கரையில், 1857-ல் ஓனிட்ஷாவில் தொடங்கிய மிஷன் முழுக்க ஆப்பிரிக்கர்களால் நடத்தப்பட்டது. பிறகு கொய்னா பழகியது. நீராவிக் கப்பல்கள் பெருகின. 1886-ல் நைஜர் கம்பெனிக்கு ராஜ சாசனம் கிடைத்தது. இடம் வாழத் தக்கதாக ஆக ஆக, அங்கே இருந்த கறுப்பருக்குப் பக்குவம் குறைந்துகொண்டே வந்தது! ஜுரம் கொல்லும்போது வந்திருந்த பக்குவம், ஜுரம் அடங்கியதும் எங்கே போயிற்று?

வென் 1873-ல் காலமானார். 1880-களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து இளம் மிஷனரிகள் வந்தார்கள். படித்தவர்கள், பக்திமான்கள், எதையும் துறக்கத் துணிந்தவர்கள். அவர்களில் பிரபலமான வில்மாட் புரூக்குக்கு இருபத்தைந்து வயதுதான். 1890 ஆகஸ்டில் ஓனிட்ஷாவில் கமிட்டி கூடியது. எண்பது வயதைத் தாண்டிய பிஷப்பின் முன்னிலையிலேயே, அவர் வளர்த்த ஊழியர்கள்மேல் குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன, பலர் நீக்கப்பட்டார்கள். கிழவர் கமிட்டியிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31-ந் தேதி லாகோஸில் இறந்தார்.

அவருடைய நாற்காலியில் யார் உட்கார்ந்தது? ஹில் என்ற ஆங்கிலேயர். 1893-ல் பிஷப்பான அவர் 1894 ஜனவரியில், வந்த சுருக்கிலேயே லாகோஸில் இறந்தார். கூடவே இரண்டு ஆப்பிரிக்கர்களுக்கும் அபிஷேகம் நடந்தது, உதவி பிஷப்புகளாக! 'உதவி' என்ற இந்தச் சொல்லுக்குள் எத்தனை பேருடைய ஆயுள் அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா?

"குற்றச்சாட்டுகள் பொய்யா?" என்று நியாயமாகக் கேட்கலாம். எல்லாம் பொய் அல்ல. ஊழியர்களில் சிலர் வியாபாரம் செய்தார்கள். சிலர் ஒழுக்கம் தவறினார்கள். கிரௌதர் இளகிய மனசுக்காரர், கண்டிக்கத் தயங்கியவர். நூற்றுக்கணக்கான மைல் நதியை, பல வருஷங்கள் சொந்தக் கப்பல் இல்லாமல், வியாபாரிகளின் கப்பலில் இடம் கேட்டுப் போய் மேற்பார்வை பார்த்தவர் அவர். நிர்வாகத்தில் ஓட்டை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் குடித்தால், 'இந்தப் பாதிரியார் கெட்டவர்' என்றார்கள். நைஜரில் ஒருவர் குடித்தால், 'இந்த ஜாதிக்கே தலைமை தாங்கப் பக்குவம் போதாது' என்றார்கள். ஒரே குற்றம், ஓர் இடத்தில் அது மனிதனுடையது, மற்றோர் இடத்தில் இனத்தினுடையது. அநியாயம் குற்றச்சாட்டில் இல்லை. இந்தக் கணக்கில் இருக்கிறது.

அந்த இளைஞர்கள் கெட்டவர்கள் அல்ல என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. புரூக் 1892-லேயே அதே மண்ணில் ஜுரத்துக்குப் பலியானார். உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த மனிதருக்கு அதிகாரத்தைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. தியாகத்தைவிடக் கடினமான ஒன்று உலகத்தில் உண்டு; அது தன் மாணவனுக்குக் கீழ்ப்படிவது.

இதை அந்த சபைக்குள்ளேயே உரக்கச் சொன்ன ஒருவர் நம் திருநெல்வேலிக்காரர். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில் பேசினார். ஆயிரத்து இருநூறு பேர் கூடிய சபை. அதில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. உங்கள் தானமும் தியாகமும் இருக்கட்டும், சிநேகிதம் எங்கே என்று அவர் கேட்டார். பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. சிலருக்குக் கோபம் வந்தது. பணம் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள். சமமாக உட்கார இடம் கேட்டுவிட்டார்! 1912-ல் அவர் தோர்ணக்கல்லுக்கு பிஷப் ஆனார்; ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். தமிழர் தெலுங்கு நாட்டுக்குப் போய், தெலுங்கர்களையே குருமார்களாக்கி, கிராமத்து உபாத்தியாயர்களைப் பயிற்றுவித்து, 1945 வரையில் உழைத்தார். பக்குவம் வராதவர் செய்கிற காரியமா அது?

2014-ம் வருஷம், கிரௌதர் பிஷப்பான நூற்றைம்பதாவது ஆண்டு நினைவு வழிபாட்டில், கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அவருக்கு இழைத்த கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டார். இறந்து நூற்று இருபத்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு! இன்று ஆங்கிலிக்கன் உலகத்திலேயே மிகப் பெரிய சபைகளில் ஒன்று நைஜீரியாவினுடையது. பக்குவத்தை யாரும் கொடுக்கவில்லை. அது யாரையும் கேட்காமல் வந்துவிட்டது.

மிஷனரிமார்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளிக்கிறோம் என்று வேறு நாடுகளுக்கு இன்றும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நல்ல மனசோடுதான் போகிறார்கள். நம்மூரிலும் அறுபது வயது அண்ணா நாற்பது வயதுத் தம்பியை 'சின்னப் பையன்' என்று சொல்லிக் கடைச் சாவியை இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறார். எங்கள் உலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட பிறகும் ஒருவரை 'வளரும் எழுத்தாளர்' என்று மேடையில் அறிமுகப்படுத்துகிறோம். சபையானாலும் சங்கமானாலும் குடும்பமானாலும் வியாதி ஒன்றுதான்.

"எத்தனை தலைவர்களை உருவாக்கினேன், தெரியுமா?" என்று யாராவது பெருமை பேசினால், இனி ஒரு கேள்வி கேளுங்கள்: "அவர்களில் யார் சொன்னதைக் கேட்டு நீங்கள் நடந்தீர்கள்?"

பதில் வரவில்லையானால், அவர் உருவாக்கியது தலைவர்களை அல்ல; எடுபிடிகளை.