பில் போகும் வழியில் நோய்க் குறிப்பும் போகட்டும்

பெங்களூருக்கும் தமிழ்ச் சிப்பாய்களுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் அல்சூர் ஏரியை அடுத்து இருக்கிறது. 'தம்பிகள்' என்று ராணுவத்தில் அன்போடு அழைக்கப்படும் அந்தப் படையில் பணியாற்றிவிட்டு இங்கேயே குடியமர்ந்தவர்கள் பலர். வேலூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்துவிட்டு, தள்ளாத வயதில் மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ இங்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டென்றால், அது வைத்தியம்தான்.

முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. நாடெங்கும் 400-க்கு மேற்பட்ட பாலி கிளினிக்குகள் அதன் கீழ் இயங்குகின்றன. சாதாரண நோய்க்கு அங்கேயே மருந்து. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், ராணுவ ஆஸ்பத்திரிக்கோ திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கோ சீட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதில் ஒரு விசித்திரம். தனியார் ஆஸ்பத்திரியின் பில் கணினி வழியே அனுப்பப்பட்டுச் சரிபார்க்கப்படும் முறை 2012-இல் தொடங்கியது. பில்லோடு நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பும் பரிசோதனை விவரங்களும் சேர்ந்தே போகின்றன. பணம் கொடுப்பதற்காக இத்தனையும் போகிறது. வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போவதற்கு மட்டும், 75 வயதுப் பெரியவர் மஞ்சள் பையில் பழைய ரிப்போர்ட்டுகளைக் கட்டாகச் சுமந்து வரவேண்டியிருக்கிறது. ஒரு தாள் தவறிப்போனால் அந்த நோயின் வரலாறே தவறிப் போகிறது.

இது வெறும் அலைச்சல் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால், ரத்தம் நிற்காது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு வாரம் முன் எடுத்த ஸ்கேனை மறுபடி எடுப்பதில் சர்க்காரின் பணமும் வீண், நோயாளியின் உடம்பும் வீண். கணவர் காலமான பின் தனியே பாலி கிளினிக்கிற்கு வரும் சிப்பாயின் மனைவிக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். இங்கிலீஷில் உள்ள குறிப்பை அவரால் படிக்க முடியாது. கன்னடமோ இந்தியோ பேசும் டாக்டரிடம் விளக்கவும் முடியாது.

எந்த ஊர் கவுண்டரிலும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் ரிசர்வ் செய்யும் வசதி 1999-லேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. பெர்த் எண் ஊர்விட்டு ஊர் போகும் நாட்டில், ரத்த வகையும் மருந்துப் பட்டியலும் போக முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் அனுபவம் இதில் பாடமாகும். 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, பல ஆஸ்பத்திரிகளின் காகிதக் குறிப்புகள் நீரில் அழிந்தன. முன்னாள் ராணுவத்தினரின் குறிப்புகள் மட்டும் கணினியில் இருந்தபடியால், சில நாட்களிலேயே வேறு ஊர்களில் உள்ள டாக்டர்கள் அவற்றைப் பார்க்க முடிந்தது. அந்நாட்டில் இக்குறிப்புகளைத் தனியார் டாக்டர்களுக்குக் காட்ட, முன்பு நோயாளி கையெழுத்திட்டுச் சம்மதம் தரவேண்டும். 2018-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், 2020 ஜனவரி முதல், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நீங்கலாக மற்றவர்களின் குறிப்பு தானாகவே பகிரப்படுகிறது.

அதே நாட்டில் தவறும் நடந்தது. 2020-இல் ஸ்போகேன் நகரில் புகுத்தப்பட்ட புதிய கணினி முறையில், டாக்டர்கள் எழுதிய 11,000-க்கு மேற்பட்ட உத்தரவுகள் உரிய இடத்திற்குப் போகாமல் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் தேங்கின. அதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாக அரசின் தணிக்கை அதிகாரியே 2022-இல் அறிக்கை தந்தார். 2023-இல் அம்முறையை மற்ற ஊர்களுக்கு விரிவுபடுத்துவது நிறுத்தி வைக்கப்பட்டது. கணினி வந்தால் மட்டும் போதாது, கவனிக்க ஆளும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

ரகசியமும் முக்கியம். மனநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டது பல் டாக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணினிகள் தாக்கப்பட்டு, வாரக்கணக்கில் வேலை தடைப்பட்டதை மறக்கக்கூடாது. ராணுவத்தில் இருந்தவர்களின் விவரம் அன்னியர் கையில் சிக்குவது சாதாரண விஷயமல்ல.

நாடெங்கும் 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்ட டிஜிட்டல் சுகாதார இயக்கத்தின்படி, 14 இலக்க ஆபா எண் பெற்றவர் தம் சம்மதத்தின் பேரில் குறிப்புகளை டாக்டர்களுக்குக் காட்ட வழி இருக்கிறது. சொந்தத் தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பதை இணைத்தால் போதும்.

பாதுகாப்பு அமைச்சகம் செய்ய வேண்டியவை மூன்று. பில்லை அனுப்பும் அன்றே, டிஸ்சார்ஜ் குறிப்பை நோயாளியின் பாலி கிளினிக் டாக்டருக்கும் கணினி வழியே அனுப்பினால்தான் பணம் என்று தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விதி செய்யவேண்டும். வந்த குறிப்பை டாக்டர் பார்த்தாரா என்று கவனிக்க ஒவ்வொரு பாலி கிளினிக்கிலும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். சம்மதம் கேட்கும் படிவம், கையெழுத்திடுபவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று பிரித்துச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

அதுவரை குடும்பத்தாரும் சும்மா இருக்கலாகாது. ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, செய்துகொண்ட ஆபரேஷன் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மருத்துவ அட்டையுடன் வைத்துக்கொள்வது நலம். முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால், எழுதத் தெரியாத முதியவர்களுக்கும் இந்தத் தாளைத் தயாரித்துக் கொடுத்துவிடலாம்.

பட்டாளத்தில் இருந்த காலத்தில் சிப்பாய் எந்த எல்லைக்கு மாற்றப்பட்டாலும் அவருடைய சர்வீஸ் குறிப்பு பின்னாலேயே போயிற்று. முதுமையில் நோய்க் குறிப்பும் அப்படிப் பின்தொடர வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது சலுகை அல்ல, நியாயம். அமைச்சகம் காலதாமதமின்றி ஆவன செய்ய வேண்டும்.