ஒபரேஷனுக்கு முன் தோடும் மூக்குத்தியும்



ஹட்டன் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “எனக்கு வயிற்றில் சத்திர சிகிச்சை செய்யத் திகதி தந்திருக்கிறார்கள். தோடு, மூக்குத்தி யாவற்றையும் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது மூக்குத்தியைக் கழற்றக் கூடாது என்று மாமி தடுக்கிறார். மார்க்கம் என்ன சொல்கிறது?”

மார்க்கத்தில் அப்படியொரு தடை இல்லை. கணவர் இறந்து இத்தா இருக்கும் பெண், நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரத்தைத் தவிர்க்கிறாள். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நகையைக் கழற்றினால் கணவருக்கு ஆபத்து வரும் என்று நினைப்பது வெறும் சகுனம். தோட்டங்களைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவருடைய கவலை மகனைப் பற்றியது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெருநாள் தினத்தில் நபி (ஸல்) அவர்கள் தர்மம் செய்யத் தூண்டியபோது, பெண்கள் தம் காதணிகளைக் கழற்றி பிலால் (ரலி) அவர்களின் துணியில் போட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே அந்தக் காலத்துப் பெண்களும் தோடு அணிந்தார்கள். தேவை வந்தபோது தயங்காமல் கழற்றினார்கள். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), நகை போடுவதற்காகச் சிறுமியின் காதைக் குத்துவதையே ஏற்கவில்லை. அது வலி தரும் காயம் என்பது அவர்களின் வாதம். வேறு பல அறிஞர்கள் காது குத்துவதை அனுமதித்திருக்கிறார்கள். நம் வழக்கமும் அதுதான். என்றாலும் ‘காயம்’ என்ற அந்தச் சொல்லை மறக்க வேண்டாம். டொக்டர்மாரும் அதைக் காயமாகத்தான் பார்க்கிறார்கள்.

ஏன் கழற்றச் சொல்கிறார்கள்? இரத்தத்தை அடைக்க ‘டயதர்மி’ என்ற மின்கருவியைப் பாவிக்கிறார்கள். 1926இல் அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் அதைப் பயன்படுத்தியதிலிருந்து அது உலகெங்கும் பரவியது. உடலில் உலோகம் இருந்தால் மின்சாரம் அதன் வழியாகப் போய், அந்த இடம் சுட்டுப் புண்ணாகலாம். அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் நடக்கக்கூடியது. மூக்குத்தியில் வேறு ஆபத்தும் உண்டு. மயக்கம் கொடுக்கும்போது மூக்கின் மேல் மாஸ்க் வைத்து, பிறகு குழாய் போடுவார்கள். கழன்ற மூக்குத்தி தொண்டைக்குள் போய்விட்டால் என்ன ஆகும்! மோதிரத்தையும் விட வேண்டாம், விரல் வீங்கிவிடும். விரல் நுனியில் மாட்டும் ஒட்சிசன் கருவியின் அளவு பிழைக்கலாம் என்பதால், நகத்தில் கறுப்பு மருதாணியும் வேண்டாம்.

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் 2017 மே மாதம் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இருந்தும் பெரிய வருத்தம் என்றால் கண்டிக்கோ பேராதனைக்கோ போக நேரிடும். அங்கே போய் இறுகிப்போன சுரையோடு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு முன்பே வீட்டில் சவர்க்கார நுரை போட்டுத் திருகிப் பாருங்கள். வராவிட்டால் டவுனில் நகைக்கடைக்காரரிடம் போங்கள். நகையை மாமியின் கையிலேயே கொடுத்து வையுங்கள், வாட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். மாதம் நிறைந்த கர்ப்பிணிகளுக்கு இன்னும் முன்கூட்டியே கழற்றுவது நல்லது. நள்ளிரவில் 1990 அம்புலன்ஸ் வரும்போது யார் சுரை திருகுவது? அப்படி அவசரமாகப் போக நேர்ந்து கழற்ற முடியாமல் போனால், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிளாஸ்டர் ஒட்டுவதா, வெட்டி எடுப்பதா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள்.

துவாரம் தூர்ந்துவிடுமே என்பதுதான் பலரின் உண்மையான கவலை. பல வருடம் பழகிய காதுத் துவாரம் சில நாட்களில் தூராது. மூக்கு அப்படியல்ல, சீக்கிரம் சுருங்கும். புதிதாகக் குத்தியது சில மணி நேரத்திலேயே மூடலாம். ஆகவே திகதி கிடைத்த பிறகு புதிதாகக் குத்தாதீர்கள். நம் பாட்டிமார் துவாரத்தில் ஈர்க்கு செருகுவார்கள். ஒபரேஷன் தியேட்டருக்கு அது கூடாது, கிருமியும் சேரும், கழன்றும் விழும். பிளாஸ்டிக் குச்சி போடலாமா என்று டொக்டரிடமே கேளுங்கள். அதுவும் கழன்று விழக்கூடியதுதான் என்பதால் பலர் விடமாட்டார்கள்.

சிகிச்சை முடிந்து, மயக்கம் முற்றாகத் தெளிந்து, முகவீக்கம் வடிந்த பிறகு மிஸியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நகையையும் துடைத்து, கொதித்தாறிய உப்பு நீரால் துவாரத்தைச் சுத்தம் செய்யுங்கள். நுழையவில்லையா, பலவந்தமாகக் குத்த வேண்டாம். தையல் காயம் ஆறி, உடம்பு தேறிய பின் சுத்தமான ஊசியால் புதிதாகக் குத்திக்கொள்ளலாம். சிவந்து, சுட்டு, சீழ் வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

குளிப்புக் கடமையானவர்களுக்கு ஒரு விஷயம். ஷாபிஈ மத்ஹபில் காதுத் துவாரத்தின் வெளியே தெரியும் பகுதிக்கும் தண்ணீர் சேர வேண்டும். தோடு போட்டிருந்தால் சற்று அசைத்துவிடுங்கள். தூர்ந்துபோன துவாரத்தைக் குத்தித் தண்ணீர் விட வேண்டியதில்லை. வயிற்றுத் தையலை நனைக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தால், மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, தயம்மமும் செய்துகொள்ளுங்கள்.