பாத்டப் எதுக்கு மாப்ள, தொட்டி கட்டு

ஊர்ல இருக்கற அப்பா அம்மா வீட்டைப் புதுப்பிக்கற பிள்ளைங்களுக்கு இப்ப ஒரு புது ஆசை. குளியலறையில இருக்கற ஷவரை எடுத்துட்டு பாத்டப் வைக்கணும். அதுவும் ஆள் விடாம, யூடியூப் பார்த்து, சொந்தக் கையாலேயே. சொந்தக் கையால செய்யறதை நான் குறை சொல்ல மாட்டேன். காட்டுல பைப் உடைஞ்சா வெட்டி ஒட்டறதுல இருந்து மோட்டாரை மேல தூக்கறது வரைக்கும் பாதி வேலை நாங்களேதான் பார்க்கறோம். ஆனா கிராமத்து வீட்டுக்குள்ள பாத்டப் வைக்கறது தண்ணிக்கும் ஆகாது, அந்த வீட்டுல இருக்கற வயசானவங்களுக்கும் ஆகாதுங்கறது என் கட்சி.

என் அக்கா மகன் பெங்களூர்ல இருக்கான். பொங்கலுக்கு வர்றப்ப அஞ்சடி அக்ரிலிக் டப் ஒண்ணை வேன்ல ஏத்திட்டே வந்துட்டான். அக்காவுக்கு முழங்கால் வலி. வெந்நீர்ல உட்கார்ந்தா இதமா இருக்கும்னு நினைச்சிருக்கான். நல்ல எண்ணம்தான். ஆனா டேப் வெச்சு அளந்தா அந்த டப்போட விளிம்பு தரையில இருந்து ஒன்றரை அடி. வாசப்படி ஏறவே நிலவைப் பிடிக்கற மனுஷி, சோப்பு வழுக்கற ஈரத்துல ஒத்தைக் காலைத் தூக்கி உள்ள வைக்கணும். ஊறி முடிச்ச பின்னாடி அதே காலோட எந்திரிச்சு வெளிய வரணும். அக்கா ஒரே வார்த்தையில முடிச்சிருச்சு: "அதுக்குள்ள நான் எறங்குனா கிரேன் வெச்சுத்தான்டா எடுக்கோணும்."

இப்ப இருக்கற ஷவர் மூலையில படியும் இல்லை, விளிம்பும் இல்லை. ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து தண்ணி வாத்துக்கலாம். யோசிச்சுப் பார்த்தா அது எங்க அப்பத்தா காலத்துப் பொடக்காலிக் கல்லுதாங்க. பொடக்காலின்னா எங்க பக்கம் வீட்டுப் பின்புறம். சரிவா ஒரு கல்லு, தண்ணி ஓட ஒரு வழி, தடுக்கி விழ ஒண்ணும் கிடையாது. அதை வெளிநாட்டுப் பேர்ல காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வந்தோம். இப்ப மறுபடி காசு குடுத்து உடைக்கறதா?

அடுத்தது தண்ணி. அந்த டப்புல ஓரளவு முங்கறதுக்கே 200 லிட்டர் வேணும். ரெண்டு பக்கெட்டுல தாராளமா குளிச்சாலும் 40 லிட்டர்தான். ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குன்னு வெச்சிருக்கற அளவே 55 லிட்டர். நாலு பேரோட ஒரு நாள் தண்ணியில ஒருத்தர் ஒரு தடவை உட்கார்ந்து எந்திரிக்கறார். எங்க பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கற காடு இருக்கு. தோட்டத்து மோட்டார்ல இழுத்துக்கலாமேன்னு கேட்டான். அந்த இலவச கரண்ட் பயிருக்குக் குடுத்தது மாப்ளைன்னு சொல்லிட்டேன்.

வெந்நீர்க் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். பச்சைத் தண்ணி 28 டிகிரி, ஹீட்டர்ல இருந்து வர்றது 60 டிகிரின்னு வெச்சா, 200 லிட்டரை 40 டிகிரிக்குக் கொண்டு வர 75 லிட்டர் வெந்நீர் கலக்கணும். அக்கா வீட்டு ஹீட்டர் 25 லிட்டர். அப்ப மூணு தடவை காய வைக்கணும், தடவைக்கு அரை மணி நேரம். மூணாவது காயறதுக்குள்ள முதல்ல ஊத்தினது ஆறிடும்.

குளிச்ச தண்ணி எங்க போகும்னு அவன் யோசிக்கவே இல்லை. அக்கா வீட்டுல மூணடிக்கு மூணடி, மூணடி ஆழத்துல உறிஞ்சிக்குழி, உள்ள ஜல்லி. கல்லுக்கு நடுவுல இருக்கற இடம் 300 லிட்டர் கூடத் தேறாது. பக்கெட் பக்கெட்டா வர்ற தண்ணியை அது மெதுவாக் குடிச்சுக்கும். 200 லிட்டரை ஒரே மூச்சுல திறந்து விட்டா, குழி பாதி நிறைஞ்சிருக்கற நாள்ல பொடக்காலியே சேறுதான்.

முங்கிக் குளிக்கற ஆசையே தப்புன்னு நான் சொல்லலை. எங்க தோட்டத்துத் தொட்டி ஆறடிக்கு நாலடி, மூணடி ஆழம். 2,000 லிட்டர் பிடிக்கும், டப்பைப் போல பத்து மடங்கு. ஆனா அதுல ஒரு சொட்டு வீண் இல்லை. மோட்டார் தண்ணி தொட்டியில விழுந்து, நாம குளிச்சு, வாய்க்கால் வழியா வாழைக்குப் போகுது. எப்படியும் வாழைக்குப் போக வேண்டிய தண்ணி, நடுவுல நாம கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறோம். சோப்பு மட்டும் வேண்டாம், அரப்பு போட்டுக்கலாம். சொந்தக் கையால ஏதாவது செஞ்சே ஆகணும்னா இது மாதிரி சின்னதா ஒண்ணு கட்டலாமே? செங்கல், சிமெண்ட் பூச்சு, அடியில ஒரு வால்வு, உள்ள இறங்க ரெண்டு படி. குழந்தைங்க இருக்கற வீடுன்னா குளிச்ச உடனே வால்வைத் திறந்து விட்டுடணும். அரையடித் தண்ணி கூட சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. டப்புக்கும் இதே பேச்சுதான்.

இவ்வளவுக்கு அப்புறமும் டப்புதான் வேணும்னா, வீட்டுல இன்னொரு குளியலறை இருந்தா மட்டும் கை வைங்க. டைல்ஸை உடைக்கறப்ப அடியில இருக்கற நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் போயிடும். அதைப் புதுசாப் பூசி, சுவர்லயும் கொஞ்ச உசரம் ஏத்தி, ஓட்டையை அடைச்சு ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டி வெச்சுப் பாருங்க. அக்ரிலிக் டப்பு அடியில தாங்கல் இல்லாம நின்னா வெடிக்கும். தண்ணியும் ஆளுமா கால் டன்னுக்கு மேல வருது. டப்பைச் சுத்தி செங்கல் வெச்சு மூடறப்ப நானி டிராப்புக்குக் கை போக ஒரு கதவு விடணும். வீடியோவுல வர்றவங்க பாதிப் பேர் இதைச் சொல்றதே இல்லை. ஒரு முடிக்கொத்து அடைச்சா செங்கலை உடைச்சுத்தான் எடுக்கணும். ஓரத்துக்கு சிலிகான் அடிக்கறதுக்கு முன்னாடி டப்பு நிறையத் தண்ணி பிடிங்க. வெறும் டப்புல அடிச்சா, பின்னாடி பாரம் ஏறி அது கீழ இறங்கறப்ப பிளந்துக்கும்.

அக்காவோட முழங்காலுக்கு நொச்சித்தழை போட்டுக் காய்ச்சின தண்ணியில துண்டை நனைச்சு ஒத்தடம் நடக்குது. மாப்ளை ஷவர் பக்கத்துல கைப்பிடிக் கம்பி ஒண்ணு அடிச்சுக் குடுத்துட்டுப் போனான். அந்த வேலையை ரொம்ப நல்லாவே செஞ்சிருக்கான், நான் தொங்கிப் பார்த்தேன். டப்பு மாட்டுக்கொட்டாயில கிடக்கு.