பாட்டை நிறுத்திய கேனரி

“அக்கா, எங்க கேனரி பத்து நாளாப் பாடவே மாட்டேங்குது. யார் கண்ணு பட்டுதோ தெரியலை!” என்று காலையில் வந்து நின்றாள் எதிர்வீட்டுப் பெண். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்து, எங்கள் அம்பத்தூர்த் தெருவுக்கே தினமும் கச்சேரி நடத்திய மஞ்சள் குருவி அது. அவள் கையில் கொசு மருந்து டப்பா. “கூண்டுல ஏதோ பொடிப் பூச்சி ஓடுது. இதைக் கொஞ்சம் அடிச்சுடட்டுமா?”

“அடிச்சுடாதேம்மா! பூச்சிக்கு முன்னாடி குருவி போயிடும்” என்று டப்பாவை வாங்கி வைத்தேன்.

சும்மா பயமுறுத்தவில்லை. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. காற்றில் கலந்த நஞ்சு நம்மைவிடச் சீக்கிரம் அதைத் தாக்கும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று அறியக் கேனரியைத்தான் கொண்டு போவார்கள். 1986-ல்தான் அதற்குப் பதில் கருவி போதும் என்று முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட ஜீவன் பக்கத்தில் பூச்சி மருந்துப் புகை கூடவே கூடாது.

சரி, பாட்டு ஏன் நின்றது? வருடத்துக்கு ஒரு தடவை கேனரி இறகு உதிர்க்கும். அப்போது பாட்டும் நின்றுவிடும். கூண்டடியில் பழைய இறகும், உடம்பில் புதுக் குருத்தும் தெரிந்தால் கவலை வேண்டாம். இந்தக் குருவியோ ஓர் இறகுகூட உதிர்க்கவில்லை. ராத்திரியெல்லாம் உடம்பைக் கோதிக்கொண்டு, தூங்காமல் தவித்தது.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவில் கூண்டின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். காற்றுப் போக வழி இருக்கட்டும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, துணியின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் அது செள்ளு. ஊரில் கோழிக்கு வருமே, அதேதான். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலில் குச்சியின் முனையிலும் கூண்டின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். இரவில் வந்து ரத்தம் குடிக்கும். சின்னக் குஞ்சுகள் ரத்தமிழந்தே செத்துப் போவதுண்டு. ஜன்னலில் புறா கூடு கட்டியிருந்தால், அங்கிருந்தும் இது வீட்டுக்குள் வரும்.

அன்றிரவு துணியில் புள்ளிகள் நகர்ந்தன.

செள்ளு குடியிருப்பது கூண்டில். ஆகவே வைத்தியமும் அங்கேதான் ஆரம்பம். குருவியை வேறு கூண்டுக்கு மாற்றினோம். பழைய கூண்டில் இடுக்கு விடாமல் கொதிநீர் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, நாள் முழுக்க வெயிலில் காய வைத்தோம். மரக்குச்சிகளைத் தூக்கி எறிந்து புதிது போட்டோம். அடியில் போடும் காகிதத்தைத் தினம் மாற்றினோம். வெயில் காலத்தில் சுமார் 7 நாளில் முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, மறுபடி முட்டையிடும் பூச்சி இது. அதனால் வாரம் ஒரு முறையாக மூன்று வாரமாவது இப்படிச் சுத்தம் செய்ய வேண்டும். ரத்தமே இல்லாமல் பல மாதம் உயிரோடிருக்கும். பரண்மேல் கிடந்த பழைய கூண்டை அப்படியே எடுத்துப் பறவையை விடாதீர்கள்.

குருவி தெளிந்தது, தீனியும் எடுத்தது. பாட்டு மட்டும் வரவில்லை. “வந்துடும், பொறு” என்று நான்தான் சொன்னேன். அங்கேதான் நான் தவறினேன். ஒரு வாரம் வீணாயிற்று. ஓரிரவு விளக்கணைத்ததும் கூண்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று மெல்லிய சத்தம். வாயைத் திறந்து மூச்சு வாங்கியது; ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது.

இது வேறு ஜாதி உண்ணி. மூச்சுக்குழலிலும் காற்றுப்பையிலும் இருக்கும். வெள்ளைத் துணியில் தெரியாது; கூண்டைக் கழுவியும் போகாது. தாய் ஊட்டும்போதே குஞ்சுக்குத் தொற்றிவிடும்.

மறுநாளே சின்னக் கூண்டில் வைத்து, துணி மூடி, மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் வேப்பேரி போனோம். அங்கே 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டரம்மா தொண்டை இறகை ஈரமாக்கி, வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். கறுப்புப் பொட்டுகள் தெரிந்தன. பிடரித் தோலில் ஐவர்மெக்டின் மருந்தை அளந்து ஒரு சொட்டு வைத்தார்; இரண்டு வாரம் கழித்து மறுபடி. மாட்டுக்குப் போடுகிற அதே மருந்துதான். ஆனால் கேனரியின் எடை ஏறக்குறைய 20 கிராம். கடையில் வாங்கி நாமே குத்துமதிப்பாகச் சொட்டு விட்டால் ஆளையே முடித்துவிடும்.

காலில் செதிள் தடித்து முண்டுமுண்டாக வந்தாலும், லவ் பேர்ட்ஸின் அலகோரம் தேன்கூடு மாதிரி வெள்ளையாகப் பொரிந்தாலும், அதுவும் உண்ணிதான், டாக்டரிடம் காட்டுங்கள். புதுப் பறவை வாங்கினால் ஒரு மாதம் தனிக் கூண்டில், தனி அறையில் வையுங்கள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, நான் காபி கலந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து கேட்டது. முழுப் பாட்டில்லை, இரண்டு சீட்டி. “அக்கா, கேட்டுதா?” என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாயில்லை. பாட்டை நிறுத்துவது ஒன்றுதான் அது சொல்லும் வழி. நாம்தான் காது கொடுக்க வேண்டும்.