தப்பு செய்தவனுக்குச் சங்கம் எதற்கு?

அரசு ஊழியர் ஒருவர் டிஸ்மிஸ் ஆனார் என்று செய்தி வந்தால் ஊர் சந்தோஷப்படுகிறது. அவருக்காகச் சங்கம் பேச முன்வந்தால் அந்தச் சந்தோஷம் கோபமாக மாறுகிறது. "சங்கம் என்றாலே சோம்பேறிகளையும் லஞ்சப் பேர்வழிகளையும் காப்பாற்றுகிற கூட்டம்தானே" என்கிறார்கள். சந்தா கட்டும் உறுப்பினர்களில்கூடப் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அகவிலைப்படிக்கும் ஓய்வூதியத்துக்கும் சங்கம் போராடட்டும், தனி ஆள் மீதான நடவடிக்கையில் எதற்குத் தலையிட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இந்தப் பேச்சு நியாயமற்றது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்று நான் நினைக்கிறேன்.

முதலில் "தப்பு செய்தவன்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தப்பு நடந்ததா என்று கண்டுபிடிக்கத்தான் விசாரணை. குற்றச்சாட்டு என்ன என்று தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகே அரசு ஊழியரை நீக்க முடியும் என்கிறது அரசியல் சட்டத்தின் 311(2) பிரிவு. துறை விசாரணையில் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினாலே போதும். நீதிமன்றத்தில் விடுதலையாகும் அளவுக்குப் பலவீனமான சாட்சியம் இங்கே ஒருவரின் வேலையைப் பறித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது சலுகை ஆகாது.

இரண்டாவது வாதம்: அவருக்குத் துணை வேண்டுமானால் வக்கீல் வைத்துக்கொள்ளட்டுமே, சங்கம் ஏன்? இப்படிக் கேட்பவர்கள் விசாரணை அறைக்குள் போய்ப் பார்த்ததில்லை. மத்திய அரசு ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைக்கான 1965ஆம் ஆண்டு விதிகளில் 14(8) என்ன சொல்கிறது? அரசுத் தரப்பை எடுத்துச் சொல்லும் அதிகாரி வழக்கறிஞராக இருந்தாலோ, மேலதிகாரி அனுமதித்தாலோ ஒழிய, குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரை அமர்த்த முடியாது. சக அரசு ஊழியர் ஒருவரையோ ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரையோதான் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். வக்கீலுக்குக் கதவை மூடிவிட்டு, அரசு வேலையில் இருப்பவருக்கும் இருந்தவருக்கும் மட்டும் திறந்து வைத்திருக்கிறது விதி. ஆனால் சஸ்பெண்ட் ஆனவர் பக்கத்தில் உட்காரச் சாதாரண ஊழியர் எவர் துணிவார்? மேலதிகாரி முகம் சுளிப்பார், நாளைக்குத் தன்னை எங்காவது தூக்கியடிப்பார் என்ற பயம் இருக்கும். சங்கத்தின் பலம் பின்னால் இருப்பவர்தான் அந்த நாற்காலியில் தைரியமாக உட்கார முடியும்.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குற்றச்சாட்டைத் தெரிவிக்கும் சார்ஜ் மெமோவுடன் நான்கு இணைப்புகள் வருகின்றன: குற்றச்சாட்டுகள், அவற்றின் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிகள் பட்டியல். கடைநிலை ஊழியர் இதைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது, "தெரியாமல் நடந்துவிட்டது, பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது. பணிவு காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து எழுதுகிறார். அந்தக் கடிதமே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சியாகக் கோப்பில் சேர்கிறது. விவரம் தெரிந்த சங்கத்துக்காரர் முதல் நாளே இதைத் தடுத்துவிடுவார். பட்டியலில் உள்ள ஆவணங்களின் நகல் கைக்கு வரட்டும், அதற்குப் பிறகு பதில் எழுதலாம் என்பார். ஆவணத்தில் தேதி பொருந்தாதது, கையெழுத்து வேறொருவருடையது என்பதெல்லாம் அந்த நகலில்தான் தெரியவரும்.

இமாச்சலப் பிரதேசத்தில் கடைநிலை வனக்காவலர் ஒருவருக்கு, துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை இருப்பதையே யாரும் சொல்லவில்லை. அந்த விசாரணை இயற்கை நீதிக்கு ஏற்றதல்ல என்று 1983இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பாதுகாப்பு அதிகாரியின் கதை இதைவிடக் கொடுமை. 1985இல் அவர் வீட்டில் போலீஸ் சோதனை நடந்தது, தங்கம் கிடைத்ததாகச் சொன்னார்கள், சஸ்பெண்ட் செய்தார்கள். சஸ்பெண்ட் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியத்தைத் தரவில்லை. கேரளத்தில் இருந்தவரால் கையில் காசில்லாமலும் உடம்பு முடியாமலும் விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரித்து நீக்கினார்கள். அதே சோதனையை வைத்துப் போட்ட குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். அந்த நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 1999 ஆகிவிட்டது. நீதி கடைசியில் கிடைத்ததே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். பதினான்கு வருடம் அந்தக் குடும்பம் என்ன சாப்பிட்டது?

மூன்றாவது வாதம் சட்டத்தின் பெயரால் வருவது. மத்திய அரசு ஊழியர் சங்கங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் 1993ஆம் ஆண்டு விதிகளில், பணி தொடர்பான விஷயங்களில் தனி ஊழியருக்காகச் சங்கம் பரிந்து பேசக் கூடாது என்றே ஒரு நிபந்தனை இருக்கிறது. "விதியே தடுக்கிறது, நீங்கள் என்ன கடமை என்கிறீர்கள்?" என்று அதிகாரிகள் இதை நீட்டுவார்கள். சங்கம் என்ற பெயரில் நிர்வாகத்துக்கு மனு கொடுப்பதைத்தான் அது தடுக்கிறது. சங்கத்தில் உள்ள ஓர் ஊழியர் 14(8)இன்படி விசாரணையில் துணை நிற்பதை அது தொடவில்லை. உறுப்பினரின் கோப்பைப் படித்து ஆலோசனை சொல்வதையும் தடுக்கவில்லை. அந்த நிபந்தனையே தவறானது, நீக்கப்பட வேண்டியது என்பது என் கருத்து. நகல் தராமல் ஒருவரை விசாரிப்பது இன்று செல்லுபடியானால், நாளைக்கு எல்லோரையும் அப்படித்தான் விசாரிப்பார்கள். இதில் தனிநபர் விவகாரம் எங்கே இருக்கிறது?

தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் வந்த அரசு நிறுவனங்களில் பழைய நிலை இந்தத் தடைக்கு நேர்மாறாக இருந்தது. 1965இல் 2ஏ பிரிவு சேர்க்கப்படும் வரை, ஒரு தொழிலாளியை நீக்கியது தொழில் தகராறாகக் கருதப்பட வேண்டுமானால், சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ அதைக் கையிலெடுத்தாக வேண்டும். சங்கம் கைவிட்டால் அந்தச் சட்டத்தில் அவருக்கு வழியே கிடையாது. பிறகு தனி ஆளுக்கும் வழி திறந்தார்கள்; வழி நடத்த ஆள் வேண்டும் என்ற தேவை மட்டும் போகவில்லை.

"நீக்கிய பிறகு அவர் ஊழியரே இல்லை, உறுப்பினரும் இல்லை" என்றும் சிலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் நடந்ததை மறந்தவர்கள்தான் இதைச் சொல்ல முடியும். வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா அரசு விசாரணையே இல்லாமல் நீக்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச். அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தவர் ஒரே ஒருவர். தொழிற்சங்கத் தலைவர் டி.கே.ரங்கராஜன் முதலானோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒற்றை ஆள் தீர்ப்பாயத்தை அணுகினால் நீதி கிடைக்காது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டு பெரும்பாலோரை மீண்டும் வேலையில் சேர்க்க அரசு ஒப்புக்கொண்டது. வேலைநிறுத்தம் செய்ய ஊழியர்களுக்கு உரிமையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அது சங்கங்களுக்குப் பேரிழப்பு. ஆனால் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியை தனி ஆளாக டெல்லி வரை போய் வேலையை மீட்டிருக்க முடியாது. 1981 வேலைநிறுத்தத்துக்காக விசாரணையின்றி நீக்கப்பட்ட ரயில் ஓட்டுநர்களை மீண்டும் சேர்க்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1993இல். பன்னிரண்டு வருடமும் அவர்கள் உறுப்பினர் இல்லை என்று சங்கங்கள் கைகழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பாலியல் தொல்லை புகார் வந்த நபருக்காகச் சங்கம் வாயிற்கூட்டம் போட்டுக் கோஷம் எழுப்பினால், புகார் கொடுத்த பெண் அந்த அலுவலகத்தில் எப்படி நிம்மதியாக வேலை பார்ப்பார்? அவரும் சந்தா கட்டும் உறுப்பினராக இருக்கலாம். அங்கே சங்கத்துக்கு இரண்டு பேரிடமும் கடமை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை அறையில் ஒருவர் துணை நிற்கட்டும். அந்தப் பெண்ணுக்கு வேறொருவர் துணை நிற்கட்டும். அறைக்கு வெளியே போஸ்டர் வேண்டாம், சாட்சிகளைச் சந்திக்கவும் வேண்டாம். நிரூபணமான குற்றத்துக்குத் தண்டனை கிடைப்பதைத் தடுக்க அதிகாரியை முற்றுகையிடும் சங்கத்தை நான் ஆதரிக்கவில்லை.

துணை நிற்பதிலும் நடைமுறைச் சிக்கல் உண்டு. ஏற்கெனவே மூன்று விசாரணைகளில் துணை நிற்பவர் நான்காவதை எடுக்க முடியாது என்கிறது அதே 1965ஆம் ஆண்டு விதி. எல்லா வழக்கையும் மாநிலப் பொதுச்செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று விட முடியாது. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேருக்காவது சார்ஜ் மெமோ படிக்கவும், ஆவணம் கேட்டு எழுதவும், சாட்சியைக் கேள்வி கேட்கவும், நீக்க உத்தரவு வந்தால் 45 நாளுக்குள் மேல்முறையீடு எழுதவும் கற்றுக்கொடுக்க வேண்டும். சந்தாப் பணத்தில் முதல் செலவு இதற்கு ஆகட்டும். மாநாட்டுப் பந்தல் செலவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.