மங்கலான படத்தை அழிக்காதீர்கள்

2003 ஜனவரியில் நியூசிலாந்தின் ஃபிட்டியாங்கா கரைக்கு அப்பால், பறவை பார்க்கப் படகில் போனவர்கள் ஒரு சிறு கறுப்பு வெள்ளைப் பறவையைப் படமெடுத்தார்கள். வெள்ளை வயிற்றில் கரிய கீற்றுகள். நியூசிலாந்து ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடற்பறவையாக இருக்குமோ என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிடிபட்ட 3 உடல்கள் அருங்காட்சியகங்களில் இருந்தனவே தவிர, அந்த இனம் அற்றுப்போய்விட்டது என்றே உலகம் நம்பியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹௌராக்கி வளைகுடாவில் மேலும் தெளிவான படங்கள் கிடைத்தன. சந்தேகம் கரையத் தொடங்கியது.

கடற்பறவைப் படமெடுப்பை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. ஆடும் படகில், அலைக்குள் மறைந்து மறைந்து பறக்கும் பறவையைக் கண்ணால் மட்டும் அடையாளம் காண்பது மிகக் கடினம். வினாடியில் 2000இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தாலும் பாதிப் படங்களில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். மீதியில்தான் இறக்கைக் கோடும் வயிற்றுக் கீற்றும் சிக்குகின்றன. ஆய்வாளருக்குத் தேவை அவைதான்.

2003இல் கிடைத்த அந்தப் படங்கள் தேடலைத் தூண்டின. ஆய்வாளர்கள் அந்தப் பறவைகளைப் பிடித்து ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்து, 2013இல் ஹௌத்துரு தீவில் அவை இனப்பெருக்கம் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். பூனைகளும் எலிகளும் முன்பே ஒழிக்கப்பட்ட தீவு அது.

ஆழ்கடலுக்குக் கேமராவோடு போகிறவர்கள் அழகான படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்க வேண்டாம். தேதியும் இடமும் குறித்து, புரியாத பறவையின் படத்தை அறிந்தவர்களிடம் காட்டுங்கள்.